கடலும் காற்றும் எழுதிவரும் கணக்கு

மும்பை மாநகரில் வாழும் தமிழன்பர்களுள் அப்போலோ பந்தரை அறியாதார் இலர். இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் கல்வளைவு அங்கேதான் கடலை நோக்கி நிற்கின்றது. விடுமுறை நாள் மாலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்குச் சென்று காற்று வாங்கி வருவோர் பலர். ஆனால், 1924ஆம் ஆண்டில் அந்த வளைவு திறக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதே கரையில் மற்றொரு பணி தொடங்கிவிட்டது என்பதை அறிந்தோர் சிலரே. கடலின் ஏற்றவற்றத்தை அளந்து குறிக்கும் கருவி ஒன்று 1878ஆம் ஆண்டு முதல் அங்கே கணக்கு எழுதி வந்திருக்கின்றது. கடல்நீர் வந்து போகும் கிணறு ஒன்று. அதில் ஏறி இறங்கும் மிதவை ஒன்று. மிதவையோடு இணைந்து, கடிகாரப் பொறியால் சுழலும் உருளைத் தாளில் கோடு இழுக்கும் எழுதுகோல் ஒன்று. அக்காலத்துக் கருவியின் அமைப்பு இவ்வளவே. எனினும் உலகப் பெருங்கடல்களின் மாறுதலை ஆராய்வோர் இன்றும் தேடிச் சென்று பார்க்கும் பழங்கணக்குகளுள் அதுவும் ஒன்றாகத் திகழ்கின்றது.

அந்தக் கணக்குத் தொடங்கிய ஆண்டினைச் சற்றே நினைவுகூர்வோம். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டியது பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் அதனைச் சொல்லிச் சொல்லி நடுங்கினர். சென்னை மாகாணத்தில் மட்டும் மாண்டவர் பல லட்சம். பிழைத்தவர்களுள் எண்ணற்றோர் ஊரை விட்டனர். கடல் கடந்து தோட்டங்களுக்குச் சென்றோரும் உண்டு, வேற்று நகரங்களை நாடியோரும் உண்டு. பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மவர் வரலாற்றில் மழை பொய்த்த ஆண்டுகளுக்கு ஒரு பெரும் பங்கு இருப்பதை நாம் மறத்தலாகாது. மழை ஏன் பொய்த்தது என்னும் வினாவிற்கு அன்று விடை கூறுவார் இல்லை. விடை கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியிலேயே, காற்றையும் கடலையும் மனிதனே மாற்றிக்கொண்டிருக்கிறான் என்னும் வேறொரு பேருண்மையும் வெளிப்பட்டது. அவ்வரலாற்றையே இங்கு நாம் சுருங்கக் காண்போம்.

இந்திய நாட்டில் வானிலை ஆராய்ச்சி பிறந்ததே துயரத்தின் விளைவாகத்தான். 1864ஆம் ஆண்டில் ஒரு கடும்புயல் கல்கத்தாவைத் தாக்கிப் பேரழிவு செய்தது. அடுத்து 1866ஆம் ஆண்டில் ஒரிசாவில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஆங்காங்கே தனித்தனியாகப் பார்க்கப்பட்டு வந்த மழை, காற்று, வெப்பக் கணக்குகளை ஒன்றுசேர்க்க வேண்டிய கட்டாயம் அரசினருக்கு அப்போதுதான் புலப்பட்டது. 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு என்பார். இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் அடுத்து வரும் பருவமழை குன்றுவதைக் கண்டு, 1884ஆம் ஆண்டில் அத்தொடர்பினை அவர் எடுத்துக்காட்டினார். வடக்கே உறையும் பனிக்கும் தெற்கே உழும் ஏருக்கும் உறவு உண்டு என்று சொன்ன முதல் விஞ்ஞானக் குரல் அதுவே எனலாம்.

பின்னாளில், 1904ஆம் ஆண்டில் தலைமை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். அவர் கணித மேதை. வானிலை அறிஞர் அல்லர். இந்தியக் கணக்கர்கள் பலரைத் துணைக்கொண்டு, உலகின் பல திசைகளிலும் பதிவான காற்றழுத்தக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடச் செய்தார். பசிபிக் கடற்பரப்பில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்துமாக்கடலின் பக்கம் தாழ்கின்றது. அங்குத் தாழ்ந்தால் இங்கு உயர்கின்றது. தராசின் இரு தட்டுகளைப் போன்ற இந்த ஊசலாட்டத்திற்குத் தென் அலைவு என்று அவர் பெயரிட்டார். பல்லாண்டுகள் கழித்து, 1969ஆம் ஆண்டில் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் நார்வே நாட்டு மரபினர், அந்த ஊசலாட்டமும் பசிபிக் கடல்நீர் வழக்கத்திற்கு மாறாகச் சூடேறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என நிறுவினார். தாது வருஷத்தை ஒட்டி, 1877ஆம் ஆண்டில் தோன்றிய எல் நினோ மிகக் கடுமையானது என்பது இன்று தெளிவு. பெரு நாட்டுக் கடலில் நீர் சூடேற, சேலத்துக் கழனி வறண்டது. காற்றும் கடலும் இரு வேறு பொருள்கள் அல்ல, ஒரே பொறியின் இரு சக்கரங்கள் என்னும் பாடத்தை மனித குலம் இவ்வாறு விலை கொடுத்தே கற்றது.

இனி, வரலாற்றின் மற்றோர் இழையைப் பற்றுவோம். பூமி ஏன் இதமாக இருக்கின்றது என்னும் கேள்வியை முறையாக எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியே. சூரிய ஒளி காற்றினூடே எளிதில் புகுந்து விடுகின்றது. ஆனால் தரையிலிருந்து மீளும் கண்ணுக்குத் தெரியாத வெப்பம் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை என்று 1824ஆம் ஆண்டில் அவர் கருத்துரைத்தார். 1856ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெண்மணி யூனிஸ் ஃபுட் என்பார், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் அதுவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. காற்றில் இவ்வாயு மிகுந்தால் உலகம் வெப்பமுறும் என்று அவர் அன்றே எழுதினார். ஆயினும் விஞ்ஞானிகள் கூடிய பேரவையில் அவருடைய கட்டுரையை வேறோர் ஆடவரே படித்தார். பின்னர் அப்பெயரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது.

1859ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டின்டால் செய்த சோதனைகள் இக்கருத்தை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டின. காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் தரையின் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை; சிறுபகுதியாக உள்ள நீராவியும் கரியமில வாயுவுமே அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. குளிர்காலத்தில் டில்லியில் வாழும் அன்பர்கள் இரவில் ரஜாய் போர்த்துக்கொள்வது போன்றதே இது. ரஜாய் தானே சூட்டை உண்டாக்குவதில்லை. உடலின் சூட்டை ஓட விடாமல் காக்கின்றது. இயற்கை அளித்த இப்போர்வை இல்லையேல், பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்கும் கீழே 18 டிகிரி அளவிற்குச் சென்றுவிடும். போர்வை வேண்டுவதே, அது தடித்துக்கொண்டே போவதுதான் துன்பம்.

தடிக்கக்கூடும் என்று முதலில் கணக்கிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் உலகின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி உயரும் என்று 1896ஆம் ஆண்டில் எழுதினார். பல மாதக் கைக்கணக்கின் பயன் அது. நிலக்கரியை எரிப்பதால் இவ்வாயு மிகுமென்பதையும் அவர் உணர்ந்தே இருந்தார். ஆனால் அக்காலத்து எரிப்பின் வேகத்தைப் பார்த்து, அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகுமென எண்ணினார். குளிர்நாட்டவர் ஆதலின், அதனை நன்மையாகவும் கருதினார்.

எரிப்பது என்பது யாது என்று சிந்தித்தால் காரணம் விளங்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடி கொடிகளும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் அன்றைய காற்றிலிருந்து கரியை உட்கொண்டு, மண்ணில் புதைந்து, நிலக்கரியும் கல்லெண்ணெயும் ஆயின. இயற்கை நெடுங்காலம் சேர்த்து வைத்த அந்தப் புதையலைத் தொழிற்புரட்சிக்குப் பின்வந்த மனிதன் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் வாரி இறைத்துவிட்டான். புதைந்த கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலந்தது. காடுகளை அழித்ததும் அக்கணக்கில் சேர்ந்தது.

1938ஆம் ஆண்டில் கை காலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், உலகின் 147 இடங்களின் வெப்பக் கணக்குகளைத் தாமே தொகுத்து, கடந்த அரை நூற்றாண்டில் நிலப்பரப்பு சூடேறியிருப்பதைக் காட்டினார். வானிலை அறிஞர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்களுடைய மறுப்புக்கு முக்கியமான காரணம் கடலே. காற்றில் சேரும் கரியமில வாயுவைப் பெருங்கடல் விழுங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினர். கடலின் மேல் வைத்த அந்த நம்பிக்கை உலகத்தை இருபது ஆண்டுகள் உறங்க வைத்தது.

1957ஆம் ஆண்டில் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உறக்கம் கலைத்தனர். கடல்நீரின் இரசாயன அமைப்பு தானே ஒரு தடையாக நின்று, வாயுவை அளவிற்கு மேல் ஏற்க மறுக்கின்றது. மேல்நீர் ஆழ்நீரோடு கலப்பதற்கும் பல நூற்றாண்டுகள் ஆகும் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். காற்றில் மிகும் கரி பழங்கால எரிபொருளிலிருந்தே வருகின்றது என்பதற்கான சான்றும் சூஸ் கண்டறிந்ததே. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும்; நெடுங்காலம் புதைந்த நிலக்கரியில் அது முற்றும் அழிந்திருக்கும். காற்றில் கதிரியக்கக் கரியின் விகிதம் குறைந்து வருவதை மர வளையங்களிலிருந்து அவர் அளந்து காட்டினார். பாலில் நீர் கலந்ததை அளந்து காட்டுவது போன்ற சான்று இது.

அடுத்த ஆண்டிலேயே, 1958 மார்ச்சு மாதத்தில், சார்லஸ் கீலிங் என்னும் இளைஞர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. வடபுலத்துக் காடுகள் தளிர்க்கும் கோடையில் அது சிறிது குறையும். இலை உதிரும் குளிர்காலத்தில் மீண்டும் ஏறும். உலகமே மூச்சு விடுவதைக் கண்முன் காட்டியது அந்த அலைகோடு. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் மூச்சும் முந்திய ஆண்டினும் சற்று மேலே நின்றது. 2023ஆம் ஆண்டின் சராசரி 420ஐத் தாண்டிவிட்டது. அந்தார்க்டிகாவின் ஆழ்பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவே என்பதும், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் 300ஐக் கூடச் சிறிதும் விஞ்சி நிற்கவில்லை என்பதும் விளங்கின.

இவ்வாராய்ச்சியில் நம் நாடு கைகட்டி நிற்கவில்லை. 1959க்கும் 1965க்கும் இடையில் பல நாட்டுக் கப்பல்கள் கூடி இந்துமாக்கடலை ஆராய்ந்தன. இந்தியக் கடற்படையின் 'கிஸ்ட்னா' கப்பலும் அதில் பங்கு கொண்டது. பம்பாய்க் கொலாபாவில் பன்னாட்டு வானிலை மையம் ஒன்று அமைந்தது. அம்முயற்சியின் பயனாக 1966ஆம் ஆண்டில் தோன்றியதே தேசிய கடலாராய்ச்சி நிலையம், கோவாவில் இருக்கின்றது. வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த நிலையை மாற்றி, நாமே செய்யவும் சரிபார்க்கவும் வழி வகுத்தவர், 1948ஆம் ஆண்டில் புனே நிலையத்தில் சேர்ந்த அன்னா மணி அம்மையார். கருவி பிழைபட்டால் கணக்குப் பிழைபடும். கணக்குப் பிழைபட்டால் அறிவே பிழைபடும் அன்றோ?

பிற மாநிலத்தில் பணிபுரியும் தமிழ் மக்கள் சிறப்பாக அறியவேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், செகந்தராபாத்தில் குளிர்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். குளிர்ப்பெட்டிகளிலிருந்து வாயு கசிவது ஏன் என்று ஆராய்வது அவர் பணி. பின்னர் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் மேற்படிப்புப் படித்த அவர், 1975ஆம் ஆண்டில் ஒரு புது உண்மையை வெளியிட்டார். அன்று தாம் கசியாமல் தடுக்க முயன்ற அதே குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள், அளவுக்கு அளவு ஒப்பிட்டால், கரியமில வாயுவினும் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பவை என்பதே அது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்று பார்த்த ஒரு சிறு வேலையின் அனுபவம் உலக அறிவிற்கு எவ்வளவு பெரிய வாசலாயிற்று! ஓசோன் படலத்தைக் காக்கும் பொருட்டு 1987ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்பட்டு அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தின. நாடுகள் மனம் ஒத்தால் காற்றைக் காக்க முடியும் என்பதற்கு அதுவே கண்கண்ட சான்று.

விளைவுகளை இனி நோக்குவோம். மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டிருக்கின்றது. மனிதன் வெளிவிட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கினையும் அது சுமக்கின்றது. கடல் முழுவதையும் விழுங்கும் என்ற பழைய எண்ணம் தவறே. எனினும் அது நமக்காகத் தாங்கிய பாரம் சிறிதன்று. அதற்கு விலையும் உண்டு. சூடேறிய நீர் விரிவடைகின்றது. உருகிய பனியும் சேர்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. கரைந்த வாயுவினால் கடல்நீரின் இரசாயனம் மெல்ல மாறி, சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது கடினமாகின்றது. 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில் லட்சத்தீவுகளின் பவளப் பாறைகள் வெளுத்து மடிந்தன. அத்தகைய வெளுப்பு அதன்பின்னும் பன்முறை நிகழ்ந்தது.

நம் கடலின் நிலை என்ன? நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு இதனைத் தெளிவாக்குகின்றது. வெப்பமண்டல இந்துமாக்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் ஒரு டிகிரி சூடேறியுள்ளது. இது உலகக் கடல்களின் சராசரியினும் மிகுதி. வட இந்துமாக்கடலின் மட்டம், 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் வீதமே உயர்ந்து வந்தது. 1993 முதல் 2017 வரையிலோ ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. பழைய வேகத்தை நாம் எவ்வாறு அறிந்தோம்? மும்பைக் கரைக்கருவி போன்றவை எழுதிவைத்த நெடுங்கணக்கினால் அன்றோ?

பருவமழையின் கதை சற்றுச் சிக்கலானது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு மிகும். ஆகவே மழை பெருகவேண்டும். ஆயினும் 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை நூற்றுக்கு ஆறு அளவு குறைந்தது. ஆலைகளும் அடுப்புகளும் உமிழும் புகையும் தூசியும் வெயிலை மறைத்து, நிலத்தின் சூட்டைத் தணித்து, கடற்காற்றை இழுக்கும் ஆற்றலைக் குறைத்ததே அதற்குரிய முக்கிய காரணமென அறிஞர் கருதுகின்றனர். மழை மொத்தத்தில் குறைந்த அதே காலத்தில், மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் பெருமழைகள் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவு மிகுந்தன. வேண்டும்போது பெய்யாமையும், பெய்யும்போது தாங்காமையும் ஆகிய இரண்டும் ஒருங்கே வந்துற்றன.

ஏதேனும் ஒரு மழையையோ புயலையோ சுட்டிக்காட்டி, வெப்பம் மிகுந்ததன் விளைவே இது என்று உடனே கூறிவிடுதல் முறையாகாது. 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பை சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததற்கும், 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்கும் பல காரணங்கள் ஒருங்கே கூடின. நீர் வடிய வேண்டிய இடங்களை அடைத்துக் கட்டிய நம் கைகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் சூடேறிய கடல் புயலுக்கு ஊட்டமளிக்கும் என்பது மறுக்க இயலாதது. 2020 மே மாதத்தில் கல்கத்தாவைச் சிதைத்த ஆம்பன் புயலும், 2021 மே மாதத்தில் மும்பைக் கடலை அலைத்துக் குஜராத்தில் கரையேறிய தௌதே புயலும் வழக்கத்தினும் வெப்பமான நீரில் வலுப்பெற்றவையே.

அறிவு இருந்தால் அழிவைக் குறைக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 1999ஆம் ஆண்டின் ஒடிசாப் பெரும்புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். 2019ஆம் ஆண்டில் ஃபானி என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, முன்னெச்சரிக்கை பெற்றுப் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் பாதுகாப்பான இடம் சேர்ந்தனர். இறந்தோர் தொகை நூற்றுக்கும் குறைவு. 1864ஆம் ஆண்டின் புயலால் பிறந்த துறை தன் பிறவிக்கடனை ஓரளவு தீர்த்தது எனலாம்.

ஆனால் புயலிலிருந்து ஓடுவது ஒன்று. புயலை வளர்க்காமல் இருப்பது மற்றொன்று. 1992ஆம் ஆண்டில் ரியோ நகரிலும், 1997ஆம் ஆண்டில் கியோட்டோவிலும், 2015ஆம் ஆண்டில் பாரிசிலும் உலக நாடுகள் கூடிப் பேசின. வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு மிகவும் கீழே நிறுத்துவது, இயன்றால் ஒன்றரை டிகிரியிலேயே தடுப்பது என்று பாரிசில் உறுதி பூண்டன. 2024ஆம் ஆண்டு ஒன்றரை டிகிரியையும் தாண்டிய முதல் ஆண்டாக அமைந்தது. ஓராண்டின் உயர்வு நிலையான உயர்வு ஆகாது. எனினும் அது எச்சரிக்கை மணியே. இதில் நியாய வழக்கும் உண்டு. நெடுங்காலமாக மிகுதியாக எரித்தவை மேலைநாடுகள். இந்தியரின் தலைக்கணக்கு இன்றும் உலகச் சராசரியின் பாதிக்கும் குறைவே. இதனை நாம் உரத்துச் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். ஆயின் கடல் வழக்குரை கேட்பதில்லை. யார் எரித்த கரியாயினும் உயரும் நீர் மும்பை, கல்கத்தா, சென்னைக் கரைகளையும் நனைத்தே தீரும்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இரு பருவங்களுக்கு உரியவர்கள். ஜூன் மாதத்தில் இருக்கும் ஊரின் மழையை எதிர்நோக்குகின்றோம். ஐப்பசியில் பிறந்த ஊரில் மழை பெய்ததா என்று கேட்டறிகின்றோம். ஒரு கடலின் காற்றே இரண்டையும் தருகின்றது. தாது வருஷத்தில் நம் முன்னோர் காரணம் அறியாமல் ஊர்விட்டு நடந்தனர், அவர்களைப் பழிப்பதற்கில்லை. நமக்கோ காரணம் தெரியும். இனியொரு தலைமுறை கடலேறி வருவதாலோ மழை மாறிப் போவதாலோ ஊரை விட்டு நடக்க நேர்ந்தால், அறியாமையை நாம் காரணமாகக் காட்ட இயலாது. கடலும் காற்றும் தம் கணக்கைப் பிழையின்றி எழுதி வருகின்றன. அந்தக் கணக்கில் நம் பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று நம் பேரர்கள் ஒருநாள் படித்துப் பார்க்கவே செய்வார்கள்.